குனிந்து பார்க்காமல் வாங்கிய கிரில்

கொல்லைப்புறத்தில் நிற்கும் பழைய கேஸ் கிரில்லை மாற்றிப் புதிதாக ஒன்று வாங்குவது ஒரு சனிக்கிழமை வேலை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது ஒன்றரை வருடம் இழுத்தது. தேவையில்லாத உதிரிபாகங்களுக்கு ஒரு தொகை, தவறான கிரில்லுக்கு ஒரு தொகை என்று அந்த ஒன்றரை வருடத்தில் தொலைத்த பணத்தைக் கூட்டினால், இன்று என்னிடம் இருக்கும் நல்ல கிரில்லின் விலையைத் தாண்டிவிடும். யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று "அதைப் பார்க்காதே, இதைப் பார்" என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஓர் அடுப்பு வாங்க என்ன பெரிய யோசனை வேண்டியிருக்கிறது என்ற திமிர்தான்.

பழையது 11 வருடம் உழைத்தது. மூன்று பர்னர். கடைசிச் சில மாதங்களாக இடது பக்கம் சூடே ஏறவில்லை. நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக, சோம்பலாக ஆடும். வலது பக்கம் கருகிக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் பச்சையாகவே கிடக்கும். சரி, பர்னர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, மூன்று பர்னர், அவற்றின் மேல் கூரை மாதிரி உட்காரும் வெப்பத் தகடுகள், புதிய கம்பித் தட்டு என எல்லாவற்றையும் வரவழைத்தேன். புதிய கிரில்லின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. வந்து சேர மூன்று வாரம். மாட்டலாம் என்று பழைய பர்னரைக் கழற்றினால், அதன் பின்முனை உட்காரும் விளிம்பு காய்ந்த சருகு மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. ஸ்க்ரூட்ரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், மறுபக்கம் வந்துவிட்டது. அடிப்பெட்டி முழுக்கத் துரு. புதிய பர்னரைத் தாங்குவதற்கு அங்கே இரும்பே மிச்சமில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் உதிரிபாகங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்றார்கள்.

ஆகவே பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கிரில்லைக் காலி செய்யுங்கள். தட்டு, தகடு, பர்னர் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடிப்பெட்டியின் உட்புறத்தைச் சுரண்டி, மூலைகளையும் பர்னர் உட்காரும் இடங்களையும் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். பர்னர், வெப்பத் தகடு, கம்பித் தட்டு, பற்றவைக்கும் மின்முனை, ரெகுலேட்டர், குழாய் எல்லாமே தேய்ந்து போகும் சாமான்கள். மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். அடிப்பெட்டி ஓட்டை விழுந்தால் மட்டும் கதை முடிந்தது. பெட்டி கெட்டியாக இருந்தால், எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் அந்தக் கிரில்லை விட்டுவிடாதீர்கள். இந்தப் பத்து நிமிட வேலையை ஆர்டர் போடுவதற்கு முன்பு செய்திருந்தால் எனக்கு அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. கழற்றிப் போட்ட இடது பக்கப் பர்னரைப் பல நாள் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிலந்திக் கூடு. கேஸ் உள்ளே நுழையும் முனையில் காற்றும் கலப்பதற்கு ஒரு திறப்பு இருக்கும். அந்தக் குழாய்க்குள் சிலந்தி வலை பின்னுவது உலகம் முழுக்க நடக்கிற சங்கதி. வலை அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் நெருப்பு மஞ்சளாகும், சூடு குறையும். சில நேரம் கேஸ் பின்னால் தேங்கி, குமிழ் இருக்கும் பக்கமாகவே தீ பிடிக்கும். எனக்கு மஞ்சள் நெருப்போடு நின்றது அதிர்ஷ்டம். ஒரு நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்திருந்தால் பர்னர் சரியாகியிருக்கும். பெட்டி எப்படியும் செத்துப்போயிருந்தது, உண்மைதான். ஆனால் வாங்கிய பர்னர்கள் தேவையே இல்லை.

இப்போது அவசரம் வேறு வந்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டில் இருபது பேர் கூடுவதாக ஏற்பாடு. கடைக்குப் போனேன். என்னை மயக்கியது ஆறு பர்னர் வைத்த ஒரு ராட்சசன். எவர்சில்வர் மாதிரி மின்னும் மூடி, குமிழ்களில் நீல விளக்கு, பக்கத்தில் பாத்திரம் வைத்துச் சமைக்க ஒரு துணை பர்னர், அட்டையில் பெரிய எழுத்தில் 58,000 பி.டி.யு. விற்பனையாளர் அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. அட்டையில் போடும் எண் அந்த அடுப்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கேஸைத் தின்னும் என்பதற்கான கணக்கு; எவ்வளவு சூடாகும் என்பதற்கான கணக்கு அல்ல. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. முதலில் அந்த 58,000-இல் துணை பர்னரின் 10,000 சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் 48,000. சமைக்கும் பரப்பு 720 சதுர அங்குலம் என்று போட்டிருந்ததில், மேலே சூடு ஆறாமல் வைக்கும் சின்னத் தட்டும் சேர்த்தி. அதையும் கழித்தால் 600. ஆக, சதுர அங்குலத்துக்கு 80 பி.டி.யு. பொதுவாக 80 முதல் 100 வரை இருந்தால் போதும் என்பார்கள், கணக்குப்படி தேறிவிட்டது. ஆனால் மெல்லிய தகட்டு மூடி, பின்னால் விரல் நுழையும் இடைவெளி. உள்ளே எரிகிற சூடெல்லாம் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று நான் வைத்திருக்கும் மூன்று பர்னர் கிரில் 36,000 பி.டி.யு., 450 சதுர அங்குலம். அதே 80 தான். ஆனால் அந்த ராட்சசன் அரை மணியில் எட்டாத சூட்டை இது பத்து நிமிடத்தில் எட்டுகிறது. காரணம் கனமான பெட்டியும் இறுக்கமாக உட்காரும் மூடியும். கேஸ் செலவும் குறைவு. 9 கிலோ புரொப்பேன் சிலிண்டரில் தோராயமாக 4,30,000 பி.டி.யு. இருக்கிறது, எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்தால் ஆறு பர்னருக்கு ஒன்பது மணி நேரம் வரும், மூன்று பர்னருக்குப் பன்னிரண்டு.

கடையில் இன்னொரு பள்ளத்தில் விழப் பார்த்தேன். அதே கிரில்லின் குழாய் எரிவாயு வகை, அதாவது இயற்கை எரிவாயுவில் எரிவது, சற்று மலிவாக இருந்தது. குழாயை மட்டும் மாற்றிச் சிலிண்டரில் இணைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு யோசனை. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கன அடி இயற்கை எரிவாயு தரும் வெப்பம் சுமார் 1,000 பி.டி.யு.; அதே அளவு புரொப்பேன் தருவது சுமார் 2,500. அதனால் இயற்கை எரிவாயு அடுப்பில் கேஸ் வெளிவரும் ஜெட் துளை பெரிதாகவும் புரொப்பேன் அடுப்பின் துளை சிறிதாகவும் இருக்கும். அழுத்தமும் வேறு வேறு. பெரிய துளை வழியாகப் புரொப்பேனை விட்டால் நெருப்பு மூடிக்கு வெளியே வரும். மாற்றத்தான் வேண்டுமென்றால் அந்தந்த மாடலுக்கென்று தயாரிப்பாளரே தரும் மாற்றுப் பாகங்கள் வேண்டும். சில மாடல்களை மாற்றவே கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். வாங்கும்போது பெட்டியின் மேல் எந்த வாயு என்று எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

பாகங்களைப் பூட்ட நாலு மணி நேரம் ஆனது. துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, தகட்டின் ஓரம் கத்தி மாதிரி இருந்தது, இடது கை இரண்டு இடத்தில் கிழிந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டுக் கடைசியில் இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசித் துளை சேரவே சேராது. அப்புறம் சோப்பு நுரைச் சோதனை. குமிழ்களை மூடி வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால், கசிவு இருக்கிற இடத்தில் நுரை முட்டை முட்டையாகப் பொங்கும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் கீழேயே தேங்கி நிற்கும். ஆகவே இதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். நான் விடவில்லை. மொத்தக் கதையிலும் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது பேரும் வந்துவிட்டார்கள். ஆறு பர்னரும் எரிகின்றன, ஆனால் மெழுகுவர்த்தி மாதிரி. மூடியிலிருந்த வெப்பமானி முள் 120 டிகிரியைத் தாண்டவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே. பசியோடு நிற்கும் மனிதர்கள் முன்னால் புது அடுப்போடு மல்லுக்கட்டுவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். கடைசியில் எல்லாவற்றையும் உள்ளே சமையலறைக்குக் கொண்டுபோய் வாணலியில் போட்டோம். அடுப்பில் கோளாறு என்று மறுநாள் கடைக்காரரிடம் சண்டை போடப் போனேன். கோளாறு என்னுடையது. நான் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கப்புறம் சிலிண்டரைத் திறந்திருக்கிறேன். திடீரென்று கேஸ் வேகமாகப் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பாதுகாப்பு அமைப்பு கேஸ் வருவதைச் சுருக்கிவிடும். இதற்கு வைத்தியம் சுலபம்: குமிழ், சிலிண்டர் எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மீண்டும் மாட்டி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சிலிண்டரை மெதுவாக, மிக மெதுவாகத் திறக்க வேண்டும்; அதன் பிறகுதான் குமிழ். உங்கள் கிரில் திடீரென்று நோஞ்சானாகிவிட்டால், புதிது வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள். இதற்காகவே நல்ல கிரில்லைத் தூக்கிப் போட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இது தீர்ந்தும் அந்த ராட்சசன் சுகமாக எரிந்தது என்று சொல்ல முடியாது. நடுவில் சூடு, ஓரங்களில் குளிர். மழைக்காலம் முடிந்தபோது மூடியின் உள்பக்கம் காவி நிறக் கோடுகள். பதினான்காவது மாதத்தில் வெப்பத் தகடு ஒன்று நடுவில் ஓட்டை விழுந்து பர்னர் மேலேயே விழுந்தது. அந்தத் தகடுகள் வெறும் மறைப்பு இல்லை. கொழுப்பு பர்னரில் சொட்டாமல் தடுத்து, சொட்டியதை ஆவியாக்கி, அந்தப் புகை வாசனையைத் தருவதே அவைதான். முன்பெல்லாம் அந்த இடத்தில் எரிமலைக் கல் போடுவார்கள், அது கொழுப்பை உறிஞ்சிக்கொண்டு குபீரென்று பற்றும். சாய்வான உலோகப் பட்டைகளை வெபர் நிறுவனம் 1985-இல் ஜெனிசிஸ் என்ற கிரில்லோடு கொண்டுவந்தது. கொழுப்பு வழிந்து ஓட வேண்டும், தேங்கக் கூடாது என்பதுதான் அந்தச் சாய்வின் தத்துவம். என் ராட்சசனின் அடித்தட்டோ தட்டையானது. தேங்கியது. ஒருநாள் சாயங்காலம் பிடித்துக்கொண்டது.

அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. மூடியின் விளிம்பெல்லாம் மஞ்சள் தீ, கரும்புகை. என் கை தானாகவே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனது. எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது நொடியில் ஆவியாகி எரிகிற எண்ணெயை நாலாபுறமும் தூக்கியடிக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்: "தம்பி, தண்ணி வேணாம்! குமிழை அடைங்க, மூடியைத் திறக்காதீங்க!" அடைத்தேன். சிலிண்டரையும் எட்ட முடிந்ததால் மூடினேன். மூடி சாத்தியபடியே இருக்க, தானாகத் தணிந்தது. சிலிண்டர் பக்கம் நெருங்க முடியாத நிலை என்றால் விலகி ஓடித் தீயணைப்பு நிலையத்தை அழைப்பது ஒன்றுதான் வழி. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்திருந்ததால் வீடு தப்பியது. அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுக்க வெல்டிங் பட்டறையில் இருந்தவர். மறுநாள் வந்து குந்தி உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மேல பளபளன்னு இருக்கறதை விடுங்க தம்பி. அடுத்த தடவை கடைக்குப் போனா கீழ குனிஞ்சு பாருங்க" என்றார்.

தகடும் தட்டும் மாற்றலாம் என்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில்: அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை, பாகங்களும் இல்லை. ஐந்து வருட உத்தரவாதம் என்று அட்டையில் பார்த்து வாங்கியிருந்தேனே என்று பொடி எழுத்தைப் படித்தால், ஐந்து வருடம் பர்னர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வருடம். இரண்டு மாதத்தில் தவறிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் சொல்வது: பிடித்த கிரில்லின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதன் பர்னரும் வெப்பத் தகடும் தனியாக விற்பனைக்கு இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது கிரில் அல்ல, இரண்டு வருட வாடகை.

மூன்றாவது தடவை கடைக்குப் போனபோது சட்டைப்பையில் ஒரு காந்தமும் டார்ச்சும் இருந்தன. கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். காந்தம் எதற்கென்றால், எவர்சில்வரிலும் தரம் உண்டு. 304 என்ற வகையில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது, துருவை நன்றாகத் தாங்கும். 430 என்ற மலிவு வகையில் நிக்கல் ஏறக்குறைய கிடையாது, காந்தம் பச்சக்கென்று ஒட்டும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 என்று ஒரு வகை இருக்கிறது, அதிலும் காந்தம் ஒட்டாது, துருவோ பிடிக்கும். ஆகவே ஒட்டினால் மலிவு என்று தெரிந்துகொள்ளலாம். ஒட்டாவிட்டால் எந்த வகை என்று கேட்டு எழுத்தில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மூடியில் வைத்துப் பார்க்காதீர்கள். மூடி நெருப்பைத் தொடுவதே இல்லை. பர்னரில் வையுங்கள், வெப்பத் தகட்டில் வையுங்கள்.

அப்புறம் குனிந்து பார்த்தேன். அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியமா, மடித்த தகடா? வார்ப்பு அலுமினியம் துருப்பிடிக்காது, தட்டினால் மந்தமான சத்தம் வரும். கொழுப்புத் தட்டுக்கு நல்ல சரிவு இருக்கிறதா, முன்பக்கமாக உருவ முடிகிறதா? பின்னால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் யாரும் கழுவ மாட்டார்கள், நானும் மாட்டேன். மூடியின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டினேன். மொத்தக் கிரில்லும் சேர்ந்து அசைந்தால் நல்லது, மூடி மட்டும் தனியாக நெளிந்தால் வேண்டாம். கம்பித் தட்டு விஷயத்தில் எனக்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு பிடிக்கவில்லை. சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், உண்மைதான். ஒரு இடத்தில் பூச்சு பெயர்ந்தால் அங்கிருந்து துரு தொடங்கும். கனமான எவர்சில்வர்க் கம்பி எடுத்தேன். எதுவானாலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். உதிரும் ஊசி போன்ற கம்பி சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோன சம்பவங்கள் உண்டு. துணை பர்னர், விளக்கு எதுவும் வேண்டாம் என்றேன். பர்னர் மூன்று போதும். ஒரு பக்கம் எரியவிட்டு மறுபக்கம் அணைத்து வைத்து மெதுவாக வேகவைக்கக் குறைந்தது இரண்டு இருந்தே ஆக வேண்டும், மூன்று இருந்தால் வசதி.

வீட்டுக்கு வந்ததும் கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, நடுத்தர நெருப்பில் இரண்டு நிமிடம் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். எங்கே கருத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று கிரில்லின் வரைபடமே கிடைத்துவிடும். பின்பக்க வலது மூலை மட்டும் கொஞ்சம் அதிகம்; மற்றபடி ஒரே சீர். மூடியிலிருக்கும் முள்ளையும் சோதித்தேன். அது மூடியின் உச்சியில் இருக்கும் சூட்டைச் சொல்கிறது, சாப்பாடு கிடக்கும் இடத்துச் சூட்டை அல்ல. என்னுடையதில் இரண்டுக்கும் முப்பது, நாற்பது டிகிரி வித்தியாசம். ஒரு தனி வெப்பமானி வாங்கித் தட்டின் மேலேயே வைத்துவிட்டேன்.

வருடத்துக்கு இரண்டு தடவை பர்னர்களைக் கழற்றி உள்ளே பிரஷ் விடுகிறேன். கொழுப்புத் தட்டை மூன்று சமையலுக்கு ஒருமுறை சுரண்டிவிடுகிறேன். நன்றாக ஆறிய பிறகுதான் உறை போடுகிறேன், ஈரத்தோடு மூடினால் உறையே துருவை வளர்க்கும். முதலில் வாங்கிய அந்த மூன்று பர்னர்கள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. புதியதற்கு அளவு சேரவில்லை. போன மாதம் எடுத்துப் பார்த்தேன், ஒன்றில் சிலந்தி குடியேறிவிட்டது.